பழைய களஞ்சியங்களைப் படமெடுத்து வைப்போம்

சென்னையில் ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டி மந்தைவெளி என்றொரு பகுதி உள்ளது. மாட்டு மந்தை மேய்ந்த வெளி என்பது பெயரிலேயே விளங்கும். இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. அடுக்குமாடி வீடுகளே நிற்கின்றன. சற்றுத் தள்ளியுள்ள தியாகராய நகர், 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்பு. நிலம் கைமாறினாலும் பெயர் தங்கிவிடுகிறது. ஆனால் அந்த மாடுகளை எப்படிப்பட்ட கொட்டிலில் கட்டினார்கள், கூரை எவ்வளவு தாழ்ந்திருந்தது, தரைக்கு எந்தப் பக்கம் வாட்டம் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் பெயர் சொல்லாது. அதைப் படம்தான் சொல்ல முடியும்.

பட்டணத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இப்போது கிராமங்களில் நடந்து வருகிறது. பத்தாயத்துப் பலகைகள் விறகாகவும் மேசையாகவும் மாறுகின்றன. மண் குதிர்கள் கொல்லையில் மழையில் கரைகின்றன. ஓட்டுத் தொழுவம் இருந்த இடத்தில் தகரக் கொட்டகை எழுகிறது. தேவை மாறும்போது கட்டடமும் மாறத்தான் செய்யும். அதைத் தடுப்பது முறையன்று. ஆனால் இடிப்பதற்கு முன் முறையாகப் படமெடுத்து, அளவும் குறித்து வைக்க வேண்டும். இது பொழுதுபோக்கு அல்ல; சிறு உழவர் தம் தொழில் அறிவைக் காத்துக்கொள்ளும் வழி.

பெரியவற்றுக்குக் காவல் உண்டு

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வட்ட வடிவ நெற்களஞ்சியம் உள்ளது. ஏறத்தாழ 36 அடி உயரம். மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பர். மாநிலத் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துள்ளது. ஸ்ரீரங்கம் கோயிலின் ஐந்து பெரிய களஞ்சியங்களையும் பக்தர்கள் இன்றும் காணலாம். பாட்னா நகரில், 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் ஆங்கிலேயர் 1786இல் கட்டி முடித்த கோல்கர் என்ற தானியக் கூண்டை அந்நகரின் அடையாளமாகவே போற்றுகிறார்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பெயர் தந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் ஊர் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். அங்குள்ள பெரிய வீடுகளைப் படமெடுக்க வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், தஞ்சை உழவர் வீடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டுகிறார்கள். இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆனால் இரண்டு ஏக்கர் உழவர் வீட்டு மூலையில் நிற்கும் ஆறடிக் குதிருக்குக் காவல் யார்? எந்தத் துறையும் ஒவ்வொரு வீடாக வந்து அதைக் காக்கப் போவதில்லை.

சுவருக்குள் இருக்கும் அறிவு

காவிரிப் படுகையில் பத்தாயம், குதிர். கரிசல் சீமையில் குலுக்கை. மூங்கிலால் பின்னிச் சாணம் மெழுகிய தொம்பை. வைக்கோலால் சுற்றி மண்ணும் சாணமும் பூசிய விதைக்கோட்டை என்று நம் சேமிப்பு முறைகள் பல. ஒவ்வொன்றும் அந்தந்த ஊரின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப அமைந்தது.

குதிர் ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் அதன் நுட்பம் புலப்படும். களிமண்ணில் வைக்கோலைச் சேர்த்துக் குழைத்து, உறை உறையாகச் செய்து, காயவைத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கல்லின் மேல் நிறுத்தியதால் தரை ஈரம் ஏறவில்லை. மேலே கொட்டி, அடியில் உள்ள சிறு வாய் வழியே எடுத்ததால் பழைய நெல் முதலில் செலவாயிற்று. மேல் வாயை மூடி மண் பூசியதால் உள்ளே காற்றோட்டம் குறைந்து, பூச்சி பெருகுவது மட்டுப்பட்டது. தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடவில்லை.

தொழுவமும் அப்படியே. நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்தால் வெயில் நேராக உள்ளே விழாது. தரையின் வாட்டம் மாட்டுச் சிறுநீரை எருக்குழிக்குக் கொண்டு சேர்க்கும். இந்த வாட்டம் இத்தனை முழத்துக்கு இத்தனை விரல் என்று ஊர்க் கொத்தனாருக்குக் கைக்கணக்காகத் தெரிந்திருந்தது. அவர் காலத்துக்குப் பின் அந்தக் கணக்கும் இல்லை.

பழையது என்பதற்காகவே எல்லாம் சிறந்தது என்று கொள்ளலாகாது. மண்சுவரில் எலி வளை பறித்தது. பலகை இடுக்கில் அந்துப்பூச்சி தங்கியது. தகரக் குதிர் எலியைத் தடுக்கும் என்பது உண்மை. ஆயினும் அது வெயிலில் சூடேறி, இரவில் குளிர்ந்து, சரியாகக் காயாத நெல்லாக இருந்தால் உட்சுவரில் நீர் கோத்துக் கெடுத்துவிடும். பழையதன் நிறையையும் புதியதன் நிறையையும் சேர்த்து நல்ல சேமிப்புக் கூடு அமைக்க வேண்டுமானால், பழையது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

இதில் உழவருக்கு என்ன ஆதாயம்?

வீட்டில் வைக்க இடமில்லாத உழவர், அறுத்த அன்றே களத்து மேட்டில் கிடைத்த விலைக்கு நெல்லைக் கொடுக்கிறார். அடுத்த பருவத்துக்கு விதையையும் விலைக்கு வாங்குகிறார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்வது நன்று. ஆனால் வீட்டுச் சாப்பாட்டு நெல்லும் விதை நெல்லும் வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

2018இல் மறைந்த நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்டார். மாப்பிள்ளைச் சம்பா மீண்டும் வயலுக்கு வந்துவிட்டது. அதை வைத்துக் காத்த விதைக்கோட்டையோ பல ஊர்களில் திரும்பவில்லை. விதை நெல்லை 13 சதவீத ஈரப்பதத்துக்கு மேற்படாமல் காயவைத்தாலும், வைக்கும் இடம் சரியில்லையானால் முளைப்புத் திறன் குன்றும். ஊரில் எஞ்சியுள்ள ஒரு விதைக்கோட்டையைக் கட்டும்போதே படிப்படியாகப் படமெடுத்து வைத்தால், பத்துப் பேர் அதைப் பார்த்துக் கட்டலாம்.

எப்படி எடுப்பது?

முன்னாளில் காமிரா வேண்டும், பிலிம் வேண்டும், கழுவக் கூலி வேண்டும். இன்று கைப்பேசி போதும். ஆனால் அழகுக்காக எடுக்கும் ஒரு படம் இதற்கு உதவாது. அதைப் பார்த்து ஒரு கொத்தனார் திரும்பக் கட்ட முடிய வேண்டும்.

கட்டடத்தை நான்கு பக்கமும் நேராக நின்று எடுக்க வேண்டும். பிறகு மூலையில் நின்று இரண்டு பக்கம் தெரியும்படி ஒன்று. அடிக்கல், கதவு, எடுக்கும் வாய், மூடி, கூரையும் சுவரும் சேரும் இடம், மர இணைப்பு ஆகியவற்றை அருகில் சென்று தனித்தனியே எடுக்க வேண்டும். ஓர் அடிக்கு ஒரு கோடு போட்ட மூங்கில் கழியைச் சுவரோரம் நிறுத்தி எடுத்தால் அளவு படத்திலேயே தெரிந்துவிடும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் சுவரின் பூச்சும் மேடுபள்ளமும் தெளிவாக விழும், உச்சிவெயில் ஆகாது.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஊர், நாள், நீளம், அகலம், உயரம், எந்த மண், எந்த மரம், எத்தனை மூட்டை கொண்டது, அதன் பகுதிகளுக்கு ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். வீட்டுப் பெரியவரை, முக்கியமாகப் பெண்களை, பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது நலம். குதிர் செய்ததும் மெழுகியதும் பெரும்பாலும் பெண்களே. உரியவரின் சம்மதம் இல்லாமல் எடுக்கலாகாது. இற்றுப்போன கூரையின் கீழும், பாம்பு அடையக்கூடிய இருட்டறையிலும் தனியே நுழைவது ஆபத்து.

படங்களைக் கைப்பேசியிலேயே விட்டுவைத்தால் அது பழுதாகும்போது படமும் போய்விடும். வேறோர் இடத்தில் ஒரு படி வைப்பதோடு, முக்கியமானவற்றை அச்சிட்டுப் பள்ளியிலோ ஊராட்சி நூலகத்திலோ கொடுத்து வைக்கலாம். அமெரிக்காவில் 1933இல், வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டு அந்நாட்டு அரசு பழைய கட்டடங்களைப் படமெடுத்து அளந்து வரையச் செய்தது. மாளிகைகளோடு பண்ணைக் களஞ்சியங்களும் அதில் இடம் பெற்றன. அவை இன்றும் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் யாரும் பார்க்கும்படி உள்ளன. நம் ஊர்களில் இதற்குப் பெரிய திட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மாணவர் நால்வரும் ஒரு மூங்கில் கழியும் இருந்தால் ஒரு தெருவை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடலாம்.

இன்னொரு பயனும் உண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயல் டெல்டாவில் கூரைகளையும் தொழுவங்களையும் தரைமட்டமாக்கியது. நல்ல நிலையில் இருந்தபோது நாளுடன் எடுத்த படம் கையில் இருந்தால், சேதத்தை அதிகாரிகளிடம் எடுத்துக்காட்டத் துணையாகும். கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கைக்கு அது மாற்றாகாது. ஆனால் எப்படி இருந்தது என்று வாயால் சொல்வதைவிட வலுவானது.

போகி வருமுன் வீட்டை ஒழிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பத்தாயத்துப் பலகையும் உடைந்த தொம்பையும் வெளியே போவது பெரும்பாலும் அப்போதுதான். இந்த ஆண்டு அவற்றை வெளியே தூக்கிப் போடுமுன் அரை மணி நேரம் ஒதுக்கி, கழியை நிறுத்திப் படமெடுத்து, பெரியவர்கள் சொல்வதை எழுதி வைக்க வேண்டும். பொருள் போனாலும், அதை மறுபடி செய்யும் வழி வீட்டில் நிற்கும்.