எச்சம் சொல்லும் சேதி

சென்ற வாரம் மொழிபெயர்க்க வந்த கட்டுரையில் ஓர் ஆங்கிலப் பெயரடை என்னை நிறுத்திவிட்டது: 'அப்டக்டிவ்'. கையடக்க அகராதியைப் புரட்டினால் ஆள் கடத்தலில் கொண்டுபோய் விடுகிறது. கட்டுரையோ தர்க்கம் பற்றியது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் பர்ஸ் (1839-1914) அந்தத் துறையில் நிலைநிறுத்திய சொல். விதியிலிருந்து முடிவுக்கு வருவது ஒரு வகை அனுமானம். பல உதாரணங்களிலிருந்து விதிக்குப் போவது இன்னொன்று. கண்ணெதிரே உள்ள விளைவை வைத்து, காணாத காரணத்தை ஊகிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதற்குத்தான் அந்த அடைமொழி.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என்று பிரிக்கிறான். கருமேகத்தைக் கண்டு மழை வரும் என்பது முதல். ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். 'எச்ச அனுமானம்' என்றே எழுதிவிட்டேன்.

ஆனால் எச்சம் வழுக்கும். தொம்மலூரில் காலையில் எழுந்து பார்த்தால் தெரு நனைந்திருக்கிறது. இரவு மழையா, குழாய் உடைந்ததா? நியாய சூத்திரமே இந்த ஆட்சேபத்தை எழுப்புகிறது: தண்ணீரைத் தடுத்தாலும் ஆறு பெருகுமே? உரைகாரர் வாத்ஸ்யாயனரின் பதில்: வேகம், நுரை, அடித்து வரும் இலை, கட்டை எல்லாம் சேர்ந்தால்தான் அது மழை வெள்ளம். ஓர் அடையாளம் போதாது.

எங்கள் ஊருக்கு இது அவசியமான பாடம். இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஊரை 'தேசிமாணிக்கப்பட்டணம்' என்றும் அவை குறிக்கின்றன. 'அப்படியானால் இது தமிழர் ஊர்' என்று மார்தட்டுபவர்கள் உண்டு. 'வெளியாட்கள் வெட்டிய கல்' என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அந்தக் கல்வெட்டுகளில் ஹொய்சள அரசன் வீர ராமநாதனின் ஆணையும் ஒன்று. ஹொய்சளர் கன்னட மண்ணில் எழுந்த அரச மரபு. ராமநாதன் ஆண்டதோ தமிழ்ப் பகுதி. கல்லின் மொழி குடிகளுடையதா, ஆட்சியுடையதா, கோயிலுடையதா? கல் மட்டும் இதைச் சொல்லாது.

1991 டிசம்பரில், காவிரிக் கலவர நாட்களில், பேசும் மொழியை வைத்தே ஆள் எந்தப் பக்கம் என்று முடிவு கட்டியது இந்த நகரம். அதுவும் எச்ச அனுமானம்தான். ஆனால் நுரையையும் இலையையும் யாரும் பார்க்கவில்லை.