மனு எழுதுவதற்கு முன்

கடன் தொல்லை என்று ஒருவர் சட்ட உதவி மையத்துக்கு வந்து உட்கார்ந்ததும் நம் கை வெள்ளைத்தாளைத் தேடுகிறது. அனுப்புநர், பெறுநர், ‘கருணை கூர்ந்து’, ஆட்சியருக்கு ஒரு நகல், காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு நகல். வந்தவருக்கும் ஏதோ நடந்துவிட்ட திருப்தி. நமக்கும் பதிவேட்டில் ஒரு வரி கூடுகிறது. சட்டத் தன்னார்வலர்களும் பேனல் வழக்கறிஞர்களும் படிக்கிற இந்த இதழில் அந்தப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது.

குழுக் கடன் வாங்கிய ஒரு பெண், கணவர் இறந்தபின் தவணை கட்ட முடியாமல் நம்மிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கலெக்‌ஷனுக்கு வருகிறவர் வாசலில் நின்று சத்தம் போடுகிறார். குழுவில் மற்றப் பெண்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாம் மனமிரங்கி எழுதுகிறோம்: ‘குடும்பச் சூழ்நிலையால் பாக்கி ரூ. 38,000 கட்ட இயலவில்லை. ஆறு மாத அவகாசம் தந்தால் முழுவதையும் கட்டிவிடுகிறேன்.’ அவரும் கையெழுத்துப் போடுகிறார்.

38,000 என்ற கணக்கை ஒருவரும் சரிபார்க்காமலே ஒப்புக்கொண்டாயிற்று. அடமானமில்லாத கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. அந்தக் கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். கெடு தாண்டிய கடனாக இருந்தாலும், கட்டுகிறேன் என்று எழுத்தில் கொடுத்த வாக்குறுதி இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் செல்லுபடியாகும். கடன் கொடுத்தவரின் வக்கீல் செய்ய வேண்டிய வேலையை நாம் இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறோம். கடனை ஏமாற்றச் சொல்லித் தருவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கட்டுவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடட்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. கணவர் இறந்துவிட்டார் என்று காதில் விழுந்தும் நாம் கடன் அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. கடன் கொடுக்கும்போதே காப்பீட்டு பிரீமியத்தைப் பிடித்துக்கொள்கிற நிறுவனங்கள் பல. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பாலிசி இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் அந்தப் பாக்கி காப்பீட்டு நிறுவனம் தீர்க்க வேண்டியது. இறப்புச் சான்றிதழோடு கிளைம் போட வேண்டிய இடத்தில் நாம் அவகாசம் கேட்டிருக்கிறோம்! கிளைமை மறுத்தால் அது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு. அவர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அட்டையில் பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுக்கும் நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதிகளின்படி, கடன் அட்டை கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தாமத அபராதத்தைத் தவணை தவறிய தொகைமேல்தான் போடலாம். மொத்தக் கடன்மேல் போடக்கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்குக் கூப்பிடக்கூடாது. கால்குலேட்டரை எடுத்து அபராதக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தாலே பல சமயம் பாக்கித் தொகை மாறிவிடும்.

கடன் தொல்லை என்று வந்தவரிடம் பாஸ்புக்கைக் கேட்கிறவர்கள் நம்மில் குறைவு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, கணக்கில் விழுந்த ஆயிரம் ரூபாயை மினிமம் பேலன்ஸ் இல்லை என்று சில வங்கிகள் பிடித்துக்கொண்டது ஊரறிந்த செய்தி. அரசு தலையிட்டுப் பேச வேண்டி வந்தது. இதற்கு மனுவே தேவையில்லை. இருக்கிற சேமிப்புக் கணக்கையே மினிமம் பேலன்ஸ் இல்லாத அடிப்படைக் கணக்காக மாற்றித் தரச் சொல்லிக் கிளையில் கேட்கலாம். ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களுக்கும் இதே வழிதான்.

எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதும் முக்கியம். வங்கிமீதோ நிதி நிறுவனத்தின்மீதோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டுமானால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள் பதில் வராமலோ வந்த பதில் திருப்தியில்லாமலோ இருக்க வேண்டும். ஆகவே வாயால் சொல்லிவிட்டு வந்த புகார் கணக்கில் சேராது. ஒப்புகை ரசீது வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் அவசரப்பட்டு வழக்குப் போட்டுவிட்டால், அதே விஷயத்துக்குக் குறைதீர்ப்பாளரின் கதவு மூடிக்கொள்ளும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: குறைதீர்ப்பாளரிடம் கட்சிக்காரருக்காக வழக்கறிஞர் புகார் கொடுக்க முடியாது, எழுத்தில் அதிகாரம் பெற்ற தன்னார்வலர் கொடுக்கலாம். பேனல் வழக்கறிஞர் ஒதுங்கி நின்று தன்னார்வலரை முன்னே விட வேண்டிய அபூர்வமான இடம் இது.

கந்துவட்டி விவகாரம் வேறு ரகம். அங்கே அட்டையும் இல்லை, ரசீதும் இல்லை. வெற்றுப் பத்திரமும் நிரப்பாத காசோலையும்தான். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்ததை நம் துறையில் யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன்பும் அவர்கள் அங்கே மனுக் கொடுத்திருந்தார்கள். ஆட்சியரிடம் கொடுத்த மனு காவல் நிலையத்துக்குப் போய், ‘விசாரிக்கப்பட்டது’ என்று திரும்பி வரும் பாதை நமக்கெல்லாம் மனப்பாடம்.

2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் என்றால் நாம் தண்டனைப் பிரிவான 4ஐ மட்டுமே நினைக்கிறோம். ஐந்தாம் பிரிவு அநேகமாகத் தூங்குகிறது. வாங்கிய தொகையை அரசு நிர்ணயித்த வட்டியோடு கடன் வாங்கியவரே நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யச் சொல்லி மனுப் போடலாம் என்கிறது அது. நாள் வட்டியாக ஏற்கெனவே அசலைத் தாண்டிக் கொடுத்துவிட்ட ஒருவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான ஆயுதம் இல்லை. காவல் நிலையத்தின் தயவும் தேவையில்லை. ஆனால் கட்டிய தொகைக்கு ஏதாவது ஒரு தடயம் வேண்டும். ஜிபே பதிவோ, நோட்டில் போட்ட டிக் குறியோ, பக்கத்துக் கடைக்காரரின் சாட்சியோ முதல் நாளே சேகரிக்க வேண்டியது நம் வேலை.

இந்த ஐந்தாம் பிரிவில் மனுப் போட்டு உத்தரவு வாங்கியவர்கள், பெயர்களை மறைத்து உத்தரவின் நகலை இதழுக்கு அனுப்பினால் அடுத்த இதழிலேயே மனுவின் மாதிரியோடு வெளியிடுகிறோம். தள்ளுபடியான மனுக்களையும் சேர்த்தே அனுப்புங்கள். எந்தக் காகிதம் இல்லாமல் தள்ளுபடியானது என்பதுதான் மற்றவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.