சுருண்ட இலையும் பழைய மண்ணும்: தீர்ப்புக்கு முன் விசாரணை



ஸ்கூடாய் வட்டாரத்தில் தோட்டம் போட நிலம் வாய்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. தாமான் உங்கு துன் அமினாவாக இருந்தாலும் தாமான் யுனிவர்சிட்டியாக இருந்தாலும் வீட்டின் முன்புறம் பெரும்பாலும் சிமெண்டுத் தரைதான். ஆகவே மிளகாயும் கத்தரியும் தக்காளியும் பூச்சாடிகளில் வளர்கின்றன. பல பள்ளித் தோட்டங்களின் நிலையும் இதுவே. ஒரு கன்று காய்த்து ஓய்ந்ததும் அதே மண்ணில் அடுத்த கன்றை நடுகிறோம். சில வாரங்களில் இலைகள் சுருளத் தொடங்குகின்றன.

உடனே இரண்டு தீர்ப்புகள் வந்து விழும். "மண் செத்துவிட்டது, கொட்டிவிட்டுப் புது மண் வாங்குங்கள்" என்பது ஒன்று. "பூச்சி விழுந்துவிட்டது, மருந்தடியுங்கள்" என்பது மற்றொன்று. இரண்டுமே விசாரணை இல்லாத தீர்ப்புகள் என்பது என் கருத்து. பெரியவர்களாகிய நாம் இப்படித் தீர்ப்பு வழங்கும்போது, அருகில் நின்று பார்க்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? காரணம் தேடாமலே மருந்து தேடலாம் என்பதைத்தான்!

மண் சாகுமா?

1648-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வை ஆசிரியர்கள் அறிந்திருப்பீர்கள். வான் ஹெல்மான்ட் என்னும் அறிஞர், நன்கு உலர்த்திய 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு! மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தது பிழை. காற்றிலுள்ள கரியமிலவாயுவின் பங்கு பின்னரே தெரியவந்தது. ஆயினும் செடி மண்ணைத் 'தின்று' தீர்ப்பதில்லை என்பதை அவருடைய தராசு காட்டிவிட்டது.

குறைவது அந்தச் சிறு அளவுச் சத்துகள்தாம். அவற்றோடு நார்த்தூள் போன்ற மட்கும் பொருள்கள் சிதைந்து மண் இறுகுகிறது; வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. நம் ஊர் மழை சத்துகளை அடித்துச் செல்கிறது. கூரையடியில் மழை படாத சாடிகளிலோ உர உப்பு தேங்குகிறது. இவை யாவும் சரிசெய்யக்கூடியவை. 2 அவுன்சு குறைந்ததற்காக 200 பவுண்டைக் கொட்டுவது என்ன நியாயம்?

இலை சொல்லும் சான்று

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, பிறகே தீர்க்கும் வழியை நாடச் சொல்கிறது. மிளகாய்ச் செடிக்கும் இம்முறை பொருந்தும்.

1. இலை விளிம்புகள் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் முதலில் இலைப்பேனைத் தேடுங்கள். இளம் இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு, குறுகி, தடித்துப்போனால் கண்ணுக்கு எளிதில் தென்படாத மஞ்சள் சிலந்திப்பேனாக இருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியால் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். இவை மண்ணின் குற்றமல்ல.

2. இலை சுருண்டு, மஞ்சள் படர்ந்து, செடி குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை; செடியை அகற்றிவிட வேண்டும். இந்த இலைச்சுருள் நச்சுயிரி மண்ணில் தங்குவதில்லை.

3. முதிர்ந்த இலைகளின் ஓரம் பழுப்பாகிக் கருகிச் சுருண்டால் சாம்பல்சத்துக் குறைவு அல்லது உப்புத் தேக்கம். சாடியின் மேல்மண்ணில் வெண்படிவு இருந்தால் உப்பின் மீதே ஐயம் வலுக்கும்.

4. நண்பகலில் மட்டும் சுருண்டு மாலையில் விரிந்தால் வெயிலும் நீர்க்குறைவும் காரணமாகலாம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. இங்கே மண்ணும் குற்றவாளிதான்.

5. புதுத் துளிர்கள் மட்டும் கிண்ணம்போல் குவிந்து, நரம்புகள் நெருங்கி, உருக்குலைந்து வந்தால், புதிதாகச் சேர்த்த எருவையும் விசாரியுங்கள்.

ஐந்தாவதைப் பலர் நம்புவதில்லை. 2008-ஆம் ஆண்டு பிரிட்டனில் எரு இட்ட தோட்டங்களில் தக்காளியும் அவரையும் உருளைக்கிழங்கும் இப்படித்தான் உருக்குலைந்தன. மேய்ச்சல் புல்லில் தெளித்த அமினோபைரலிட் என்னும் களைக்கொல்லி, மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் எஞ்சியிருந்ததே காரணம். 'இயற்கை எரு' என்ற பெயர் மட்டும் காப்புறுதி ஆகாது.

வகுப்பறைக்கு ஏற்ற சோதனை

இத்தகைய ஐயத்தைத் தீர்க்கச் செலவில்லாத வழி ஒன்றுண்டு. மூன்று சாடிகளில் ஐயத்திற்குரிய மண்ணையும், மூன்று சாடிகளில் நம்பகமான மண்ணையும் நிரப்பி, எல்லாவற்றிலும் பயற்றை விதை ஊன்றுங்கள். இரண்டு, மூன்று வாரம் உற்றறியுங்கள். முதல் மூன்றில் மட்டும் இலை உருக்குலைந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

மண்ணின் வகை தற்சார்பு மாறி. இலையின் தோற்றம் சார்பு மாறி. நீர், வெயில், விதை ஆகியன கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். பயிற்சிநூலில் கோடிட்ட இடத்தில் மனனம் செய்து எழுதும் சொற்கள் இங்கே உயிர்பெறுகின்றன அல்லவா? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பின்னரும் நாம் பயிற்சித் தாள்களையே கட்டிக்கொண்டு அழுவது ஏன்?

மண்ணை மீட்கும் முறை

பழைய வேர்களை நீக்கி, கட்டிகளை உடைத்துவிடுங்கள். உப்பு தேங்கியிருந்தால் சாடியின் அடித்துளை வழியே நீர் வழிந்தோடும்வரை பலமுறை ஊற்றுங்கள். ஈரமண்ணை மெல்லப் பரப்பி, ஒளி ஊடுருவும் நெகிழித்தாளால் மூடி, நல்ல வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். பின்னர் மூன்று பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு நன்கு மட்கிய உரமும், இறுக்கம் தளரக் கரித்த உமியும் சேருங்கள். புளிப்பு மிகுந்த மண்ணாயின் சிறிது டோலமைட் சுண்ணாம்பு இடுங்கள். பச்சைக் கோழி எருவை அப்படியே இடாதீர்கள்; வேர் கருகும்.

மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். அவற்றுக்குப் பிறகு பயற்றையோ கீரையையோ நடுங்கள். நூற்புழு முடிச்சு கண்ட மண்ணையும், இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென வாடி மடிந்த மண்ணையும் மட்டும் காய்கறிக்கு மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல்?

பிள்ளைகள் தொட்டு விளையாடும் இடத்தில் காரணம் அறியாமல் நஞ்சு தெளிப்பது சிறு செய்தியல்ல. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் பள்ளிப் பிள்ளைகள் நோயுற்றதும், 111 பள்ளிகள் மூடப்பட்டதும் ஜொகூர் பெற்றோருக்கு நினைவிருக்கும். அது தொழிற்சாலைக் கழிவு; வீட்டு மருந்துப் புட்டியோடு அளவில் ஒப்பிட முடியாதது. எனினும் காற்றில் கலப்பதைப் பிள்ளைகளே முதலில் சுவாசிக்கிறார்கள் என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோர்களே! அடுத்த முறை இலை சுருண்டால் மருந்துப் புட்டிக்கு முன் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். "என்ன மருந்து?" என்று கேட்கும் பிள்ளையை "ஏன் சுருண்டது?" என்று கேட்கப் பழக்குவோம்.