காரணமற்ற சுதந்திரம்

நாம் சிருஷ்டித்த ஒரு பாத்திரம் நம் சொல்லை மீறித் தன் போக்கில் நடக்கத் தொடங்குவதைக் கதை எழுதுகிறவர்கள் பெரும் பாக்கியமாகக் கருதுவார்கள். கணினியில் வாழ்க்கை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கோ அதுவே தீராத மனத்தாங்கலாக இருந்து வருகிறது. வீடு கட்டி, அதிலே ஒரு குடும்பத்தைக் குடியேற்றி, குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் முகமும் குணமும் ஆசையும் வகுத்துக் கொடுத்து, அவர்கள் படித்து, உத்தியோகம் பார்த்து, மணம் புரிந்து, மூப்படைந்து மறையும் வரையில் கூடவே இருந்து நடத்தி வைக்கும் இவ்வகை விளையாட்டில் ஈடுபட்டவர்கள் எந்தத் தேசத்தவராயினும் ஒரே குறையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: 'நான் சொன்னதை விட்டுவிட்டு அது வேறெதையோ செய்துகொண்டிருக்கிறது.' இந்தக் குறை முற்றிலும் நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் குறைப்படுகிறவர்களில் பலர் பாத்திரங்களுக்குச் சுதந்திரம் மிஞ்சிப்போனதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறார்கள். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இவ்விளையாட்டுகளில் தலையாயது 'தி சிம்ஸ்'. நகர நிர்மாணத்தையே விளையாட்டாக்கிய 'சிம்சிட்டி'யை 1989இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற வில் ரைட் என்ற அமெரிக்கர், 1991இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் மூண்ட பெருந்தீயில் தம் வீட்டை இழந்து, அழிந்துபோன குடித்தனத்தை மறுபடியும் ஒவ்வொரு சாமானாகச் சேர்க்க நேர்ந்தபோது, மனிதன் வாழ்வதற்கு உண்மையில் எது எது வேண்டும் என்று சிந்தித்த சிந்தனையிலே இதன் வித்து இருந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த அது, இரண்டே ஆண்டுகளில், அதுவரை கணினி விளையாட்டுகளில் விற்பனையில் முதலிடம் வகித்த 'மிஸ்ட்'டையும் மிஞ்சியது. பின்னர் 2004, 2009, 2014 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. நான்காம் பாகத்தின் மூல விளையாட்டு 2022 அக்டோபர் முதல் இலவசமாகவே கிடைக்கிறது.

இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. 1985இல் டேவிட் கிரேன் உருவாக்கிய 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்' என்ற விளையாட்டில், மூன்றடுக்கு வீடொன்றில் ஒரு சிறு மனிதர் தம் நாயோடு குடியிருப்பார். அவருக்கு உணவும் நீரும் கொடுத்து உதவலாம், தட்டச்சு செய்து ஏதேனும் வேண்டிக்கொள்ளலாம். மற்றபடி அவர் வாழ்க்கை அவருடையது. அங்கே நாம் அதிதிகள். 'சிம்ஸ்' நம்மை அதிதி நிலையிலிருந்து உயர்த்தி, குடும்பத்தின் விதியையே நம் கையில் ஒப்படைத்தது. விதியாக இருக்கச் சொல்லிவிட்டு, நாம் இட்ட கட்டளையை நம் கண்முன்னே ரத்து செய்யும்போது மனம் புண்படுவது இயல்புதானே?

பாத்திரங்கள் தாமாக நடமாடும் விதத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். சங்கடத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. முதற் பாகத்தில் ஒவ்வொருவருக்கும் எட்டுத் தேவைகள் வகுக்கப்பட்டிருந்தன: பசி, உடற்சுகம், சுத்தம், மலஜல உபாதை, தூக்கம், கேளிக்கை, பிறருடைய சகவாசம், இருக்கும் இடத்தின் லட்சணம். நேரம் செல்லச் செல்ல இவை வற்றும். வற்றியதை நிரப்பிக்கொள்வதே வாழ்க்கை. ஆனால் எதைச் செய்தால் எந்தத் தேவை தீரும் என்ற ஞானம் மனிதனிடத்தில் வைக்கப்படவில்லை. அவனைச் சுற்றியுள்ள பொருள்களிடத்தில் வைக்கப்பட்டது. 'என்னிடம் வந்தால் இவ்வளவு பசி தீரும்' என்று குளிர்சாதனப் பெட்டி ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. 'இவ்வளவு களைப்பு நீங்கும்' என்கிறது கட்டில். 'இவ்வளவு பொழுது போகும்' என்கிறது தொலைக்காட்சி. சந்தையின் நடுவில் நிற்பவனை நாலாபுறமிருந்தும் வியாபாரிகள் கூவி அழைப்பது போல அத்தனையும் அவனை அழைக்க, அவன் தன் அப்போதைய குறையையும் தூரத்தையும் எடை போட்டு, மேலாக நிற்கும் சிலவற்றுள் ஏதேனும் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொள்கிறான். எப்போதும் முதலாவதையே எடுத்தால் யந்திரம் என்பது வெளிப்பட்டுவிடும் என்பதற்காகவே இந்தக் கடைசி ஏற்பாடு.

இது அபாரமான யுக்தி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மனிதர்களின் அறிவைத் தொடாமலே நாளைக்கு ஒரு புதிய பொருளை வீட்டில் கொண்டுவந்து வைக்கலாம்; எப்படித் தன்னைப் பயன்படுத்த வேண்டும் என்பதை அந்தப் பொருளே கற்றுக் கொடுத்துவிடும். விரிவாக்கத் தொகுப்புகள் என்ற பெயரில் ஆண்டுதோறும் வெளிவரும் புதுப்புதுச் சாமான்களின் வியாபாரமெல்லாம் இந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்பதுதான். ஆனால் அறிவு பொருளில் இருக்கும்போது ஆசையும் பொருளுடையதாகிவிடுகிறது என்ற பெருங்குறையும் இந்த யுக்திக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. புதிய தொகுப்பு வந்தவுடன், அதன் புதுமை எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று தயாரிப்பாளர்கள் அதன் குரலைச் சற்று உயர்த்தி வைத்தால், ஊரிலுள்ள சந்நியாசியும் சம்சாரியும் ஒன்றுபோல அதன் முன்னே போய் நிற்கிறார்கள்.

நான்காம் பாகத்தை ஆடுகிறவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஒரு காட்சியைக் கவனியுங்கள். உணவருந்தி முடித்த மனிதர் எழுந்து, எச்சில் தட்டைக் கையிலெடுத்து, இரண்டடி தூரத்தில் சமையலறைத் தொட்டி காலியாக இருக்க, அதைக் கடந்து, கூடத்தைக் கடந்து, குளியலறைக்குள் நுழைந்து முகம் கழுவும் தொட்டியில் தட்டைக் கழுவுகிறார். குளியலறையில் இருந்தவர் திடுக்கிட்டு வெட்கப்படுகிறார். இதற்குள் நாம் அவருக்கென்று வரிசையாக வைத்த கட்டளைகள் காலாவதியாகின்றன. அலுவலகத்திற்குப் புறப்பட வேண்டிய நேரம் வந்துவிடுகிறது. இன்னொரு வீட்டில், தொட்டிலிலே அயர்ந்து தூங்கும் கைக்குழந்தையைத் தாய், தந்தை, தாத்தா, விருந்தாளி என்று ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். தாகமில்லாமலே தண்ணீர் பிடித்து, குடித்தும் குடிக்காமலும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கோ கணக்கில்லை. தனித்தனியே பார்த்தால் இவை அற்பமான விஷயங்கள். ஆயினும் ஒரு குடும்பத்தின் கதையை மனத்தில் வளர்த்து வருகிறவன், தன் பாத்திரங்களின் செய்கைகளுக்குக் காரணம் தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமற் போகும்போது, அந்த வீட்டில் மனிதர் எவரும் இல்லை என்ற வெறுமையைப் பிரத்தியட்சமாக உணர்கிறான். அவனுடைய சிநேகம் அந்தக் கணத்தில் முறிகிறது.

சொன்னபடி கேளாமையே குற்றமென்றால் இதைவிடப் பெரிய குற்றங்கள் முதற் பாகத்திலேயே உண்டு. சமையல் பழகாதவன் அடுப்பை மூட்டித் தீப்பற்றிக்கொண்டால், வீட்டிலுள்ள அத்தனை பேரும் நாம் இட்ட வேலைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தீயின் அருகிலேயே நின்று கைகளை வீசி அலறுவார்கள். 'வெளியே போ' என்றால் போகமாட்டார்கள். சில சமயம் அதனாலேயே மாண்டும் போவார்கள். புதிதாக விளையாடுகிறவர்கள் இதைக் கண்டு பதறுவதும் கோபிப்பதும் சகஜம். எனினும் இந்த மீறலை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். தன் வீடு எரியும்போது மனிதன் அப்படித்தான் நிலைதடுமாறுவான். அந்த அலறலுக்கு ஒரு காரணமும் அந்தக் காரணத்திற்கு ஒரு மனமும் இருப்பது பார்க்கிறவர்களுக்கு உடனே விளங்குகிறது. எச்சில் தட்டோடு குளியலறைக்குப் போகிறவரிடம் எனக்கு அப்படி ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு சந்தர்ப்பங்களிலும் நம் கட்டளை மீறப்படுகிறது. ஒன்றில் மட்டுமே சுபாவம் பேசுகிறது.

பாத்திரங்களின் தன்னிச்சையால் விளைந்த நன்மைகளுக்குச் சரித்திரமே சாட்சி சொல்லும். முதற் பாகம் வெளியாவதற்கு முன், 1999இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் நடந்த 'இ3' கண்காட்சியில், ஒரு கல்யாணக் காட்சியைச் செய்து காட்டினார்கள். விருந்தினர்களாக நின்ற பாத்திரங்கள் இன்னின்ன செய்ய வேண்டுமென்று முன்கூட்டியே விதித்து வைக்க அவகாசம் போதவில்லை. அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண்கள் தாமாகவே நெருங்கி முத்தமிட்டுக்கொண்டார்கள். ஒத்த பாலினத்தாரின் காதலுக்கு இடங்கொடுப்பதா வேண்டாமா என்று தயாரிப்பு நிலையத்தில் தயக்கம் இருந்த காலம் அது. அதற்கு இடங்கொடுக்கும் நிரலை எழுதியிருந்தவர் பாட்ரிக் பாரெட் என்பவர். கண்டவர்கள் வியந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. அந்த அம்சம் விளையாட்டில் நிலைபெற்றது. ஒருவரும் ஏவாமல் நிகழ்ந்ததால்தான் அந்த முத்தத்திற்கு அவ்வளவு வலிமை இருந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின், மூன்றாம் பாகம் வெளிவந்த 2009இல், ராபின் பர்கின்ஷா என்ற இங்கிலாந்து மாணவர், வீடு வாசலற்ற ஒரு தந்தையையும் மகளையும் அதிலே படைத்து, அவர்களை இயன்றவரையில் அவர்கள் போக்கிலே விட்டு, நடந்ததை 'ஆலிஸும் கெவ்வும்' என்ற தொடராக எழுதினார். தந்தைக்கு அவர் கொடுத்த குணங்கள் கொடூரமும் முன்கோபமும். மகளுக்குக் கொடுத்தது இரக்க சிந்தை. பூங்கா பெஞ்சுகளில் படுத்துறங்கி, பசியோடு பள்ளிக்குப் போய்வந்த அந்தப் பெண்ணுக்கு, தான் வேலை செய்து ஈட்டிய பணம் முழுவதையும் தர்மத்திற்குக் கொடுத்துவிட வேண்டுமென்ற ஆசை தானாக எழுந்தது. படித்தவர்கள் கண்கலங்கினார்கள். யந்திரத்தின் கணக்கிலே விளைந்த ஆசைதான் அது. ஆனால் அவளுக்கென்று வகுத்த குணத்தின் வழியாக அக்கணக்கு ஓடிவந்ததால், அவளுடைய ஆசையாகவே நின்றது.

மூன்றாம் பாகத்தில் வயது வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஐந்து குணங்களைத் தேர்ந்து கொடுக்கலாம். நான்காம் பாகத்தில் அது மூன்றாகச் சுருங்கியது. அந்த இடத்தை நிரப்ப மனநிலைகள் வந்தன. மனக்கசப்போடு வேலையிலிருந்து திரும்புகிறவன், சுவரில் மாட்டிய ஓவியத்தின் செல்வாக்கினால் உற்சாகம் கொள்கிறான். நேர்த்தியாக அலங்கரித்த கூடத்தில் கால் வைத்ததும் கவலை மறக்கிறான். மறுபடியும் பொருளே மனிதனை நடத்துகிறது. புத்தகப் பிரியன் என்று நாம் பெயர் கொடுத்தவனை ஒலிபெருக்கியின் முன் ஆடிக்கொண்டிருக்கக் காண்பதும் இதனாலேயே. 2022 ஜூலையில், ஒரு புதுப்பிப்புக்குப் பின் பாத்திரங்கள் அகாலத்தில் மூப்படைந்தனவே, அது போன்ற பிழைகளைப் பற்றி நான் பேசவில்லை. பிழை என்று ஒப்புக்கொண்டு அதைத் திருத்தியும் விட்டார்கள். நான் வருந்துவது, சரியாக இயங்கும்போதே இவ்வாறு இயங்குகிறதே என்பதற்காகத்தான்.

நம் கண்ணுக்கு அப்பால் நடப்பது இன்னும் துக்ககரமானது. மூன்றாம் பாகத்தில், நாம் கவனியாத வீடுகளிலும் கதை தானாக நகர வேண்டுமென்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். உத்தேசம் உயர்ந்ததே. ஆனால் ஒருவர் பல நாள் பிரயாசைப்பட்டு அமைத்த அயல்வீட்டுக் குடும்பம், காரணம் தெரியாமல் ஊரைவிட்டே போய்விடுவதும், முன்பின் அறியாத தம்பதிகளுக்குத் திடீரென்று குழந்தை பிறப்பதும் நேர்ந்தபோது, ஆடுகிறவர்கள் தாங்களே மாற்று நிரல்களை எழுதி ஊரைக் காக்க முற்பட்டார்கள். நான்காம் பாகத்தில் 2021 இறுதியில் தொடங்கிய அயலார் கதைகளில், எந்தக் குடும்பத்திற்கு எந்த மாறுதல் நேரலாம், எது கூடாது என்று விதிக்கும் உரிமையைப் பின்னர் கொடுத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் தயாரிப்பாளர்கள் காட்டிய விவேகத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் நம் குடும்பத்தார் விஷயத்தில் நமக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் என்ன? தன்னிச்சை முழுவதும் வேண்டுமா, முழுவதும் வேண்டாமா. நாம் இப்போது நடத்தும் பாத்திரத்திற்கு மட்டும் நிறுத்தி வைக்கலாமா. ஏறக்குறைய இவ்வளவுதான். நிறுத்திவிட்டால் பசித்தவன் உணவின் முன்னே நின்று பசியாலேயே வாடுவான்; நிறுத்தாவிட்டால் தண்ணீர்க் கோப்பைகள் வீடெங்கும் முளைக்கும். நான் கேட்பது வேறு. ஒவ்வொரு செய்கையின் முன்னும், 'இவள் இதை ஏன் செய்கிறாள்' என்று தொட்டுக் கேட்டால் பதில் வர வேண்டும்: பசியாலா, குணத்தாலா, நேற்று நடந்த சண்டையாலா, அல்லது ஒரு பொருள் உரக்கக் கூவியதாலா. கடைசிக் காரணமாயின், அந்தப் பொருளின் குரலை இந்த வீட்டில் மட்டும் தாழ்த்திவைக்கும் உரிமையும் வேண்டும். ரசிகர்கள் எழுதிய உபநிரல்கள் சில, தனித்தனிச் செய்கைகளைத் தடுத்து வைக்கும் வசதியை ஏற்கெனவே கொடுத்திருக்கின்றன. ஊதியமின்றிச் சாதித்ததைப் பெரிய நிறுவனங்களால் சாதிக்க முடியாதென்று நம்புவது கடினம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி இக்குறைகள் தாமே நீங்கிவிடும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். 2025 மார்ச்சில் முன்னோட்டமாக வெளிவந்த 'இன்சோய்' என்ற கொரிய விளையாட்டு, மொழி மாதிரி ஒன்றைத் துணைகொண்டு, பாத்திரத்தின் அப்போதைய எண்ணத்தை எழுத்தாகவே காட்டும் பரிசோதனையில் இறங்கியிருக்கிறது. வரவேற்கத்தக்க முயற்சி, ஆயினும் எண்ணம் என்று ஒரு வாக்கியத்தைக் காட்டுவதனால் மட்டும் செய்கை அந்த எண்ணத்திலிருந்துதான் பிறந்தது என்று ஆகிவிடாது.

2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், 'சிம்ஸ்' தந்த தூண்டுதலால், மொழி மாதிரியின் துணையோடு தாமே நினைத்துத் திட்டமிடும் 25 பாத்திரங்களை ஒரு சிற்றூரில் குடியமர்த்தினார்கள். அவற்றுள் ஒருத்தி காதலர் தின விருந்து நடத்த விரும்புகிறாள் என்ற ஒரு விதையை மட்டும் அவர்கள் போட, பாத்திரங்கள் ஒருவரையொருவர் அழைத்து விருந்தை நடத்தியே விட்டன. அதே ஊரில், ஒருவர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய விடுதிக் குளியலறைக்குள் உள்ளே ஆள் இருக்கும்போதே மற்றவர்களும் நுழைந்தார்கள். விடுதிக் குளியலறை என்றால் பலருக்கும் பொதுவானது என்று அவர்கள் படித்த மொழி அவர்களுக்குக் கற்பித்திருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காரணத்தைக் கண்டு எழுதினார்கள். 'ஒருவருக்கான குளியலறை' என்று அந்த இடத்தின் விவரத்தை மாற்றி எழுதினாலே இந்தத் தவறைத் தவிர்க்கலாம் என்று பரிகாரமும் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்கு இருந்த அந்த வசதியை, காரணத்தைப் பார்க்கவும் ஒரு வரியில் திருத்தவும் முடிகிற வசதியை, தன் வீட்டுத் திரையின் முன் அமர்ந்து ஒரு குடும்பத்தை வளர்க்கிறவனுக்கும் கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.