அச்சேறும் நூலும் அடகேறும் உரிமையும்

நெல் விளைவது வாடிப்பட்டியில். வியர்வை சிந்துபவன் உழவன். விலை கூறுபவனோ வேறொருவன்! இதைக் கண்டு குமுறுகிறோம், மேடையேறிக் கண்டிக்கிறோம். ஆனால், தோழர்களே, அதே வாடிப்பட்டியின் இளைஞன் இரவெல்லாம் கண்விழித்து நூல் எழுதுகிறான். அச்சுக்கூலி முழுவதையும் தானே தருகிறான். அதன்மேல் உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். அப்போது மட்டும் நாம் குமுறுவதில்லை. மாலை போட்டுக் கைதட்டுகிறோம்!

பணமும் ஆசிரியனுடையது, உழைப்பும் ஆசிரியனுடையது, உரிமை மட்டும் அடுத்தவனுடையது என்றால், அதற்குப் பெயர் சொந்த வெளியீடா? சொந்தச் செலவில் அடிமைச் சாசனம்!

“எழுத்து கலைமகளின் அருள்; அதற்குக் கணக்குப் பார்க்கலாமா?” என்று கேட்கிறார்கள் சிலர். அருளுக்குக் கணக்கில்லை என்று ஆசிரியனிடம் ஓதுகிறவர், அச்சுத்தாளுக்குக் கணக்குப் பார்க்கிறாரே, ஏன்? கடையின் கழிவுக்குக் கணக்குப் பார்க்கிறாரே, ஏன்? எழுதியவன் பங்கு வரும்போது மட்டும் கணக்கு பாவமாகிவிடுமோ?

கணக்குப் பார்ப்பது கவிஞனுக்கு அழகல்ல என்போர், 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியாரை எண்ணிப் பார்க்கட்டும். 1920இல் அவர் தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுத்து, நூலுக்கு 10,000 படிகள் தாமே அச்சிடத் திட்டமிட்டார். முதற்செலவு 20,000 ரூபாய் என்று கணக்கிட்டு, வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்லி நண்பர்களிடம் கடன் கேட்டு மடல் விடுத்தார். பிச்சையன்று, முதலீடு கேட்டார்! நாடு தரவில்லை. 1921இல் அவர் மறைந்தார். பின்னர் அவருடைய பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறி, இசைத்தட்டு உரிமை திரைப்பட முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது. 1949இல் அரசு தலையிட்டு அவ்வுரிமைகளைப் பெற்ற பிறகே, அவர் பாட்டு மக்கள் உடைமையாவதற்கு வழி பிறந்தது.

பாரதியாருக்குக் கிட்டாத முதல் நமக்கு எங்கிருந்து வரும்? வழி பழையதுதான். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நூலை வாங்க இசைந்தவர்களின் கையொப்பங்களைத் திரட்டினார். வாசகரை முன்னரே சேர்த்துக்கொண்டால் வட்டிக்கடைக்கு வேலையில்லை. படிப்பகங்களும் மன்றங்களும் நமக்கு இல்லையா?

ஒரு கணக்கு. 300 படிகள், படிக்கு 80 ரூபாய் செலவு என்று கொள்வோம். மொத்தம் 24,000 ரூபாய். விலை 160 ரூபாய். கடைக்கழிவு 40 விழுக்காடு. கைக்கு வருவது படிக்கு 96 ரூபாய். 250 படிகள் விற்றால் முதல் திரும்பிவிடும். கடையின்றி நேரே விற்றால் 150 படிகளே போதும். இந்தக் கணக்கை அறிந்தவனை எவர் ஏய்க்க முடியும்?

சட்டமும் துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நூலை இயற்றியவனே பொதுவாக அதன் முதல் உரிமையாளன். அவ்வுரிமை அவன் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தும் கையொப்பமும் வேண்டும். கால அளவு குறிக்கப்படாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எனவேதான் ‘என்றென்றைக்கும்’ என்ற ஒரு சொல்லை ஒப்பந்தத்தின் மூலையில் ஒளித்து வைக்கிறார்கள்! நூலுக்கான பன்னாட்டுத் தர எண்ணை நடுவணரசின் அமைப்பு கட்டணமின்றியே வழங்குகிறது. அதையும் மந்திரத் தகடுபோல் விலைக்கு விற்போர் உண்டு.

உரிமை என்றால் தான்தோன்றித்தனம் அன்று. பிழை திருத்துவோருக்குக் கூலி கொடுங்கள். குறை சொல்லும் நண்பனுக்குச் செவி கொடுங்கள். நல்ல பதிப்பாளர் நேரிய பங்கு தந்தால் அவரோடு கைகோத்துக் கொள்ளுங்கள். ஆனால் இறுதிச் சொல்லும், விற்பனைக் கணக்கும், மறுபதிப்பு உரிமையும் உங்களிடமே இருக்கட்டும்.

“எதையும் ஏன் என்று கேள்” என்று ஊருக்கு உரைக்கும் இளைஞர்களே! கோயில் வாயிலில் கேட்ட அந்தக் கேள்வியை அச்சக வாயிலிலும் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் படியுங்கள், மீண்டும் படியுங்கள், அதன் பிறகே பேனாவைத் திறவுங்கள். அடிமைத்தனத்தை எதிர்த்து எழுதிய நூலே அடிமையாகலாமா?