தறிக்குழியை விட்டு எழுவது

தினமும் 10,000 அடி நடக்கச் சொல்கிறது கைப்பேசி. பலரும் அதை மருத்துவ விதி என்றே நம்புகிறார்கள். உண்மையில் அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு வியாபாரத்துக்காக வைத்த பெயரிலிருந்து வந்த எண். நடப்பது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யாரோ வைத்த எண்ணை என் உடம்புக்கு இலக்காக எடுத்துக்கொள்வதற்கு முன், நான் என்ன வேலை செய்கிறேன், எத்தனை மணி நேரம் எப்படி உட்காருகிறேன் என்று பார்க்க வேண்டாமா?

இந்த எண்ணம் எனக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் வந்தது. அறுபதை நெருங்கும் நெசவாளர் அவர். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “காலையிலேருந்து மிதியை மிதிச்சுக்கிட்டேதானே இருக்கேன் தம்பி, இதுக்கு மேல என்ன நடை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்யும் குழித்தறியில் கால் ஓய்வதில்லை, கை குறுக்கிழை ஓட்டும் நாடாவை எறிந்துகொண்டே இருக்கிறது, கண் இழையை விட்டு நகர்வதில்லை. அவரைப் போய் உழைக்காதவர் என்று யார் சொல்வது?

ஆனாலும் அவர் உட்கார்ந்தே இருக்கிறார். இடுப்பு மடங்கி, முதுகு முன்னால் வளைந்து, மணிக்கணக்கில். 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பேருந்து, ஒரே சாலை. ஒருவர் இருக்கையை விட்டு எழுந்தார், மற்றவர் எழவில்லை. நெசவாளரின் நிலை இந்த இருவருக்கும் இடைப்பட்டது என்று நினைக்கிறேன். உழைப்பின் களைப்பு முழுக்க வந்துவிடுகிறது, எழுந்து நடமாடுவதன் நன்மை மட்டும் வந்து சேர்வதில்லை. அதனால் அவருக்கான முதல் இலக்கு வேகநடை இல்லை. குழியை விட்டு மேலே ஏறுவதுதான்.

எப்போது ஏறுவது? ‘அடிக்கடி எழுவேன்’ என்று நினைத்துக்கொண்டால் நடக்காது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் காட்டியது இதைத்தான்: இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். அந்த முடிச்சுக்கான இடம் தறியிலேயே இருக்கிறது. நெய்த துணியை அவ்வப்போது படமரத்தில் சுற்றியாக வேண்டும். அப்போது நாடா நிற்கும். ‘துணியைச் சுற்றியதும் மேலே ஏறி, வாசல் வரை போய், தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.’ இவ்வளவு போதும். இதற்குக் கடிகாரம் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. கோர்வைச் சேலையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டும் இழையிழையாகக் கோத்துக்கொள்ள மூன்று நாடா வேண்டும், அதை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். பல வீடுகளில் அந்த இரண்டாவது ஆள் மனைவியோ பிள்ளையோதான். ஒருவர் எழுந்தால் மற்றவர் வேலையும் நிற்கும். எனவே இங்கே ‘தனிமனித இலக்கு’ என்ற ஒன்று கிடையாது. இருவரும் பேசி முடிவு செய்தால்தான் இருவரும் எழ முடியும். அந்த இரண்டாவது ஆள் மனைவியானால் அவருக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. தறியை விட்டு எழுந்தால் அடுப்படி காத்திருக்கும். அவர் எழுவதை ஓய்வு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. துணியைச் சுற்றிவிட்டு எழும் அந்தச் சில நிமிடங்களில் வீட்டில் யாரும் அவரிடம் டீ கேட்கக் கூடாது என்பதும் அந்த இலக்கில் சேர வேண்டும்.

பழக்கம் ஊன்ற நாளாகும். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் பெரிது: 18 நாள் முதல் 254 நாள் வரை. எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய நட்டமில்லை. இழை அறுந்தால் முடிந்துவிட்டு மேலே நெய்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நடை பிறகு வரட்டும். வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. சிறிய அசைவும் கணக்கில் சேரும் என்றும் சொன்னது. வைகாசி கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் பின்னால் விடியற்காலையிலேயே எவ்வளவு தூரம் நடக்கிறோம்! காரணம் இருந்தால் இந்த ஊர் நடக்கும்.

எல்லாவற்றையும் நெசவாளர் தலையிலேயே கட்டிவிடவும் முடியாது. கூலி சேலைக்கு இவ்வளவு என்று இருக்கும்போது, எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் காசு. இது அவர் ஒருவரின் சிக்கலும் இல்லை: நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் சொன்னது. தமிழக அரசு 2021 ஆகஸ்டிலேயே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி, ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அடுத்த படியைப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் எடுக்கலாம். நெய்த சேலையைக் கொடுக்கவும் பட்டும் சரிகையும் வாங்கவும் நெசவாளர் எப்படியும் சங்கத்துக்கு வருகிறார். அங்கே ஒரு நாற்காலி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, கண் பரிசோதனை அட்டை ஒன்று, வாரம் ஒரு நாள் ஒரு செவிலியர். சேலையின் கரையையும் முந்தியையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்து வாங்கும் அதே மேசைக்குப் பக்கத்தில், அதை நெய்தவரின் கண்ணையும் முதுகையும் பார்க்க இடம் ஒதுக்குங்கள். இந்த ஆண்டே தொடங்கலாம்.