மாலுமியின் கையில் எந்தக் கடிகாரம்?

கைக்கடிகாரம் கட்டியிருக்கும் பெரியவர் ஒருவரிடம் மணி கேட்டுப் பாருங்கள். "பத்தே கால்" என்பார். உண்மையில் பத்து மணி பதினான்கு நிமிடமாக இருந்தாலும் சரி, பதினாறாக இருந்தாலும் சரி, நமக்கு ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. ஆனால் நான்கு பக்கமும் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாத நடுக்கடலில், சூரியனைப் பார்த்துத் தன் இடத்தைக் கணக்கிடும் மாலுமிக்கு அந்த ஒரு நிமிடம் என்பது பதினைந்து கடல் மைல். அதாவது ஏறக்குறைய 28 கிலோமீட்டர்!

எப்படி என்று கேட்கிறீர்களா? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. மணிக்கு 15 பாகை. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு சுழல நான்கு வினாடி ஆகிறது. நிலநடுக்கோட்டில் அந்தப் பங்கின் நீளம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். துருவங்களை நோக்கிப் போகப் போக இது குறையும். சென்னை இருக்கும் அட்சரேகையில் அதிகம் குறைவதில்லை. கப்பலின் அட்சரேகையைக் காண, நண்பகல் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் போதும். தீர்க்கரேகையைக் காண வேண்டுமானால், இங்கே சூரியனை அளந்த அதே வினாடியில் கிரீன்விச்சில் மணி என்ன என்பது தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லத்தான் கப்பலில் கடிகாரம் இருக்கிறது.

விலை உயர்ந்த கடிகாரமே நல்ல கடிகாரம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. கடிகாரக் கம்பெனிகளின் விளம்பரங்களைப் பாருங்கள்: அலைகள், பாய்மரம், தாடி வைத்த தலைவன், அவன் கையில் பல லட்சம் ரூபாய் பெறும் கடிகாரம். கடலைப் பொறுத்தவரை இந்த எண்ணம் சரியன்று என்பது என் கருத்து. தவறு எவ்வளவு என்று நமக்குத் தெரிந்திருக்கும் கடிகாரமே மாலுமிக்கு நல்ல கடிகாரம். இது விசித்திரமாகத் தோன்றலாம். கடற்கடிகாரத்தின் வரலாற்றிலிருந்தே காரணத்தைப் பார்ப்போம்.

கடலில் தீர்க்கரேகையைக் கண்டறிய நல்ல வழி சொல்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு என்று 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பெரிய வானியல் அறிஞர்கள் சந்திரனையும் விண்மீன்களையும் நம்பியிருக்க, தச்சர் மகனான ஜான் ஹாரிசன் கடிகாரத்தை நம்பினார். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1759-இல் அவர் முடித்த நான்காவது கருவி, 13 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய பையடக்கக் கடிகாரம் போல இருந்தது. அதை அவருடைய மகன் வில்லியம் 1761-இல் ஜமைக்காவுக்குக் கப்பலில் கொண்டு சென்றார்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அந்தக் கடிகாரம் சரியான நேரம் காட்டவில்லை! நாளொன்றுக்கு இரண்டரை வினாடிக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கியது. 81 நாளில் மொத்தம் மூன்றரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது. ஆனால் அது நாள்தோறும் ஒரே அளவில் பின்தங்கியது. அந்த அளவைக் கணக்கிட்டுக் கழித்தபோது மிஞ்சிய தவறு ஏறக்குறைய ஐந்து வினாடிதான். பரிசுக் குழுவினர் அத்துடன் விட்டார்களா? இல்லை. "தினசரித் தவறு இவ்வளவு என்று முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை?" என்று ஆட்சேபித்தார்கள். அவர்களை முரடர்கள் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பயணம் முடிந்த பிறகு தெரியவரும் தவறு நடுக்கடலில் இருக்கும் தலைவனுக்கு எதற்குப் பயன்படும்? 1764-இல் நடந்த இரண்டாவது சோதனைக்குப் புறப்படுமுன் ஹாரிசன் அந்த அளவை அறிவித்தார். கடிகாரமும் சோதனையில் தேறியது.

அன்று முதல் கப்பல்களில் ஒரு வழக்கம் வந்தது. கடிகாரத்துக்குத் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுப்பார்கள். சரியான நேரம் கிடைக்கும்போதெல்லாம் ஒப்பிட்டு வித்தியாசத்தை ஒரு நோட்டில் எழுதுவார்கள். ஆனால் முள்ளைத் திருப்பிச் சரிசெய்ய மாட்டார்கள்! முள்ளைத் தொட்டால் இதுவரை எழுதிய கணக்கெல்லாம் வீணாகிவிடும் அல்லவா?

ஒரே கடிகாரத்தை நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பல் 1831-இல் புறப்பட்டபோது அதில் 22 குரோனோமீட்டர்கள் இருந்தன. அவற்றில் சிலவற்றைத் தலைவர் ஃபிட்ஸ்ராய் தம் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தார். தென் துருவப் பகுதிக்கு ஷேக்கிள்டன் குழு சென்றபோது 24 கடிகாரங்கள் கொண்டு போனார்கள். கப்பல் பனிக்கட்டியில் நசுங்கி மூழ்கிய பிறகு, 1916-இல் எலிஃபன்ட் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்கு ஒரு சிறு படகில் சுமார் 800 கடல் மைல் கடக்க வேண்டியதாயிற்று. அப்போது ஒழுங்காக ஓடியது ஒன்றே ஒன்று. வழிகாட்டிய ஃபிராங்க் வொர்ஸ்லி அதை ஒரு விளக்குத் திரியில் கட்டிக் கழுத்தில் மாட்டி, கம்பளிச் சட்டைக்குள் வைத்துச் சூடாகக் காத்தார். பதினாறு நாள் பயணத்தில் சூரியன் முகம் காட்டியது நான்கே முறை. அந்தத் தீவைத் தவறவிட்டிருந்தால் அப்பால் திறந்த கடல்தான். படகில் இருந்த ஆறு பேரும், எலிஃபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் பிழைத்திருக்க மாட்டார்கள். கடிகாரத்தைச் சட்டைக்குள் வைத்தது பாசத்தால் அன்று. குளிரும் சூடும் மாறி மாறிப் பட்டால் அதன் ஓட்டம் மாறும் என்பது வொர்ஸ்லிக்குத் தெரியும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். உங்கள் தாத்தா கையில் எச்.எம்.டி. ஜனதா இருந்திருந்தால், அவர் தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுத்ததை வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதிலும், பல லட்சம் விலையுள்ள ரோலெக்ஸிலும் அடிப்படை ஒன்றே: சுருள்வில்லின் சக்தியில் ஒரு சிறு சக்கரம் முன்னும் பின்னும் ஆடுகிறது. குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஆடுவது ஒரு படிகத் துண்டு. இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட அது வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணை இரண்டால் பதினைந்து முறை வகுத்துப் பாருங்கள், காரணம் விளங்கும். உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைச் செய்கோ கம்பெனி 1969 டிசம்பர் 25-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 450,000 யென். அந்தப் பணத்தில் அன்று ஜப்பானில் ஒரு சிறிய காரே வாங்கலாம்! இருபதே ஆண்டுகளில், 1989-இல், கேஸியோ எஃப்-91டபிள்யூ என்ற பிளாஸ்டிக் கடிகாரம் வந்தது. இன்றும் அதைச் சில நூறு ரூபாய்க்கோ, ஓராயிரத்துச் சொச்சத்துக்கோ வாங்கலாம்.

இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சுவிட்சர்லாந்தில் சோதித்துச் சான்றிதழ் பெறும் சாவிக் கடிகாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 4 வினாடி பின்தங்கலாம், அல்லது 6 வினாடி முந்தலாம். ஆறு வினாடி வீதம் முப்பது நாளில் மூன்று நிமிடம்: 45 கடல் மைல்! அந்தப் பிளாஸ்டிக் கடிகாரத்துக்கு அனுமதிக்கப்பட்ட தவறு மாதத்துக்கே 30 வினாடிதான்: ஏழரைக் கடல் மைல். தினசரித் தவறு தெரிந்திருந்தால் இரண்டிலுமே மிஞ்சுவது சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்துக்காகப் பல நூறு மடங்கு விலை கொடுப்பானேன்?

விளம்பரங்களில் வருவதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண்மணி ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது, கழுத்தில் ஒரு ரோலெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார். கடுங்குளிரால் அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்று அவர் கரையை எட்டவில்லை. கடிகாரமோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே ஒரு லண்டன் நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் ரோலெக்ஸ் விளம்பரம்! தண்ணீர் புகாத கூடு என்பது அந்நாளில் உண்மையான சாதனைதான். இன்று அது மலிவுக் கடிகாரத்திலும் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: பின்புறத்தில் "30 மீட்டர்" என்று பொறித்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டு 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருளில்லை. ஆய்வுக்கூடத்தில், அசையாத நிலையில் தாங்கிய அழுத்தத்தை அது குறிக்கிறது. மழைக்கும் கை கழுவுவதற்கும் தாங்கும், அவ்வளவே. அலையில் நனைபவர்கள் குறைந்தது 100 மீட்டர் என்று போட்டிருப்பதை வாங்குவது நல்லது. உப்பு நீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தோல் பட்டை கடலுக்கு உதவாது. உப்பில் ஊறி நாறும், பிறகு அறுந்துவிடும்.

உலோகப் பட்டையிலும் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. கப்பலின் எந்திர அறையில் அது பெரிய பாட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே பட்டுவிட்டால், மின்சாரம் பாய்ந்து கண நேரத்தில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். சுழலும் பொறியில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எந்திர அறையில் வேலை செய்பவர்கள் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதே மேல்.

பாய்மரப் பந்தயக்காரர்களுக்கு வேறொரு தேவை. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் இந்தியாவுக்காக டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் பாய்மரப் படகு செலுத்தியவர். அத்தகைய பந்தயங்களில் புறப்படுவதற்கு ஐந்து, நான்கு, ஒரு நிமிடம் முன்பாகக் கொடிகள் காட்டப்படும்; கூடவே ஒலியும் எழும். நேரத்தைக் கொடியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பது விதி. ஏன் தெரியுமா? ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். தொலைவிலுள்ள படகுக்கு ஒரு வினாடி தாமதமாகக் கேட்கும்! இவர்களுக்கு வேண்டியது பெரிய எழுத்தில் பின்னோக்கி எண்ணும் கடிகாரம். ஈரக் கையால் ஒரே அழுத்தில் அது ஓடத் தொடங்க வேண்டும். இதற்கு வைரமும் தங்கமும் எதற்கு?

சாவிக் கடிகாரத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்கு மின்கலம் தீர்ந்துபோகும் என்ற கவலை இல்லை. கோல்டன் குளோப் என்ற தனியாள் உலகச் சுற்றுப் பந்தயத்தில் மின்னணுக் கடிகாரத்துக்கு அனுமதி கிடையாது. 1968-இல் இருந்த வசதிகளோடு மட்டுமே செல்ல வேண்டும். நம் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி 2023-இல் அதில் இரண்டாவதாக வந்தார். அது ஒரு வீர விளையாட்டு. பிழைப்புக்காகக் கடலில் போகிறவர்களுக்கு அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

"எல்லாக் கப்பலிலும் ஜி.பி.எஸ். இருக்கும்போது கடிகாரம் எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். ஜி.பி.எஸ். என்பதே வானில் சுற்றும் அணுக் கடிகாரங்களின் கூட்டம்தானே! அந்தச் சமிக்ஞையைத் தடுக்கவும் முடியும், பொய்ச் சமிக்ஞை அனுப்பி ஏமாற்றவும் முடியும். கைவிட்டிருந்த விண்மீன் கணக்கை அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015-இல் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது சும்மா இல்லை.

கடலுக்குப் போகும் இளைஞர் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: மூன்று மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் வாங்குங்கள். ஒன்றில் கப்பல் நேரம். தீர்க்கரேகை மாற மாற அதை ஒரு மணி கூட்டியும் குறைத்தும் வைக்கலாம். மற்ற இரண்டிலும் கிரீன்விச் நேரம்; அவற்றின் முள்ளைத் தொடவே கூடாது. ஒன்றை எப்போதும் கையிலேயே கட்டியிருங்கள். படிகத்தின் அதிர்வும் வெப்பத்தால் சற்று மாறும்; கையின் மிதமான சூட்டில் அது ஒரே சீராக இருக்கும்.

மாணவ நண்பர்களே, இதைச் சோதிக்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலுள்ள ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில், கைப்பேசியின் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை வினாடி முந்தியிருக்கிறது அல்லது பிந்தியிருக்கிறது என்று முப்பது நாள் குறித்து வாருங்கள். முள்ளைத் திருப்பாதீர்கள். பிறகு வரைபடத் தாளில் நாளைக் கிடையாகவும் வினாடியைச் செங்குத்தாகவும் கொண்டு புள்ளியிடுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்தால் அதன் சரிவே உங்கள் கடிகாரத்தின் தினசரித் தவறு. கோடு எங்காவது வளைந்திருந்தால், அந்த நாள்களில் கடிகாரத்தைக் கழற்றி எங்கே வைத்திருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.